டிரெய்லர் இழுக்க எஸ்யுவியைத் தயார் செய்வது: எடைக் கணக்கிலிருந்து தொடங்குவோம்

நடுத்தர எஸ்யுவி வைத்திருப்பவர்கள் டிரெய்லர் என்றதும் முதலில் கேட்பது, "எவ்வளவு இழுக்கும்?" என்பதைத்தான். விற்பனைக் கையேட்டிலும் அந்த ஒரு எண்தான் பெரிய எழுத்தில் இருக்கும்: 1,500 கிலோ, 2,000 கிலோ, சில மாடல்களில் 2,270 கிலோ. அந்த எண்ணில் பொய் இல்லை. ஆனால் குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் கிளம்பும் வண்டியில் அந்த எல்லையை நெருங்குவதற்கு வெகு முன்பே இன்னொரு எல்லை தீர்ந்துவிடுகிறது. வண்டி தன் மேல் தாங்கக்கூடிய எடை அது. எந்த ஹிட்ச் (டிரெய்லரைப் பூட்ட வண்டியின் பின்னால் பொருத்தும் இரும்பு அமைப்பு), எந்த பிரேக் கன்ட்ரோலர் என்று கடை ஏறி இறங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டால் வீண் செலவும் குழப்பமும் பெருமளவு குறையும்.

கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கரோ தகடோ ஒட்டியிருக்கும். சில நாடுகளில் விற்கும் வண்டிகளில், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று நேரடியாகவே அச்சிட்டிருப்பார்கள். இதுதான் பேலோட். வேறு சில நாடுகளில் நான்கு எடைகள் வரிசையாக இருக்கும்: வண்டியின் உச்ச மொத்த எடை, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடை, முன் ஆக்ஸில் தாங்கும் எடை, பின் ஆக்ஸில் தாங்கும் எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், வண்டி முழுச் சுமையோடு இருக்கும்போது எவ்வளவு இழுக்கலாம் என்று தெரிந்துவிடும். இரண்டாவது எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் அந்த மாடல் இழுவைக்கு அனுமதி பெறவில்லை என்று பொருள். அப்படியானால் இந்த வேலையை அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பேலோட் அச்சிடப்படாத வண்டியில், உச்ச மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஐரோப்பிய முறையில் வெற்று வண்டி எடையிலேயே ஓட்டுநருக்காக 75 கிலோவைச் சேர்த்துவிடுவார்கள். அது தெரியாமல் ஓட்டுநரை மறுபடியும் கூட்டிவிடாதீர்கள்.

அடுத்து முன்பாரம். டிரெய்லரின் முனை, அது பூட்டப்படும் உருண்டையான ஹிட்ச் பந்தின் மேல் அமுக்கும் எடையை இங்கே அப்படிச் சொல்கிறேன்; வண்டிக் கையேடுகளில் டங் வெயிட் என்றோ நோஸ் வெயிட் என்றோ போட்டிருப்பார்கள். வட அமெரிக்க வழக்கில் இது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். ஐரோப்பிய வழக்கில் 4 முதல் 7 சதவீதம். அங்குள்ள டிரெய்லர்களின் அமைப்பும் வேக வரம்பும் அதற்கேற்றவை. எந்த வழக்கானாலும் இந்த முன்பாரம் முழுவதும் வண்டியின் பேலோடில்தான் சேரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் பேலோட் 600 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர் சேர்ந்து 240 கிலோ. பின்புறம் பைகளும் பெட்டிகளும் 140 கிலோ. ஹிட்சின் இரும்பு 25 கிலோ. மிச்சம் 195. முன்பாரத்தை 12 சதவீதமாக வைத்தால் இந்த 195 கிலோவுக்குப் பொருந்தும் டிரெய்லர் சுமார் 1,625 கிலோ. கையேட்டில் 2,000 என்று இருந்தாலும் இந்தக் குடும்பத்துக்கு எல்லை 1,600தான். கூரையில் 60 கிலோவுக்கு ஒரு பெட்டியை ஏற்றினால் மிச்சம் 135 ஆகிவிடும். டிரெய்லர் 1,125 கிலோவுக்கு இறங்கிவிடும். கூரைப் பெட்டி ஒன்று அரை டன் டிரெய்லரை விழுங்கிவிட்டது!

கையேட்டு எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இந்த வித்தியாசம் வியப்பாக இருக்காது. வட அமெரிக்காவில் உற்பத்தியாளர்கள் பலர் பின்பற்றும் எஸ்ஏஇ ஜே2807 என்ற சோதனை முறை உண்மையிலேயே கடுமையானது. அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில், சுமார் 18 கிலோமீட்டர் தூரம், கொளுத்தும் வெயிலில், ஏசியை முழு அளவில் ஓடவிட்டு, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏறியாக வேண்டும். ஆனால் வண்டிக்குள் இருப்பதாகக் கணக்கில் வைப்பது இரண்டே பேரை, ஆளுக்குச் சுமார் 68 கிலோ. பின் இருக்கைப் பிள்ளைகளும் அவர்களுடைய சைக்கிள்களும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

ஹிட்ச்: கம்பெனி டோ பேக்கேஜ் கிடைத்தால் அதையே எடுங்கள்

வண்டியை இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இந்த விஷயத்தில் என் கருத்து ஒன்றுதான். உற்பத்தியாளரின் டோ பேக்கேஜையே கேட்டு வாங்குங்கள். பின்னால் தெரியும் ஹிட்ச் மட்டும் அதில் வருவதில்லை. பல மாடல்களில் கூடுதல் கூலர், பெரிய ரேடியேட்டர் ஃபேன், டிரெய்லர் வயரிங், டிரெய்லர் ஆட்டத்தை உணர்ந்து பிரேக்கை இயக்கும் மென்பொருள் ஆகியவையும் சேர்ந்தே வரும். இவற்றைப் பிறகு தனித்தனியாகப் பொருத்துவது கடினம்; மென்பொருள் சில மாடல்களில் சேர்க்கவே முடியாது. ஒரே மாடலிலேயே டோ பேக்கேஜ் இருந்தால் 2,000 கிலோ, இல்லாவிட்டால் 700 கிலோ என்று வேறுபடுவதெல்லாம் சகஜம். வெளிக்கடையில் 3,500 கிலோ தாங்கும் ஹிட்சை வாங்கிப் பூட்டினாலும் 700 கிலோ வண்டி 700 கிலோ வண்டியாகவே இருக்கும்.

ஏற்கெனவே வண்டி இருக்கிறது, ஹிட்ச் மட்டும் வேண்டும் என்றால், உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் என்றே செய்த ரிசீவரை, அதாவது ஹிட்ச் பாகங்களைச் செருகும் சதுரக் குழாய் கொண்ட சட்டத்தை, வாங்குங்கள். இன்றைய நடுத்தர எஸ்யுவிகளில் பெரும்பாலானவை தனிச் சாஸி இல்லாத மோனோகாக் வகை. உற்பத்தியாளர் விட்டிருக்கும் துளைகளில், குறிப்பிட்ட தரத்து போல்ட்டுகளைக் கொண்டு, டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) சொன்ன அளவுக்கு முறுக்கிப் பொருத்த வேண்டும். புதுத் துளை போடுவது, வெல்டிங் வைப்பது, பம்பரில் கொக்கி மாட்டுவது எதுவும் கூடாது. வண்டி சேற்றில் சிக்கினால் கயிறு கட்டி இழுப்பதற்கென்று முன்னும் பின்னும் ஒரு வளையம் கொடுத்திருப்பார்கள். அது டிரெய்லருக்கானதல்ல.

வட அமெரிக்க வரிசையில் கிளாஸ் 1 ஹிட்ச் சுமார் 900 கிலோ வரைக்கும், கிளாஸ் 2 சுமார் 1,590 கிலோ வரைக்கும் பொருந்தும். இவை இரண்டுக்கும் ஒன்றேகால் அங்குலச் சதுர ரிசீவர். அதற்கு மேல் கிளாஸ் 3, இரண்டு அங்குல ரிசீவர். நடுத்தர எஸ்யுவிக்குப் பொருத்த முடிந்தால் கிளாஸ் 3 போட்டுக்கொள்ளலாம். பாகங்கள் எளிதாகக் கிடைக்கும். வண்டியின் எல்லையை அது கூட்டாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஹிட்ச் பந்தின் அளவு டிரெய்லர் கப்ளரின் (பந்தின் மேல் கவிழ்ந்து பூட்டும் டிரெய்லர் முனை) மேல் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்றே முக்கால் அரைக்கால் (1⅞) அங்குலம், 2 அங்குலம், 50 மில்லிமீட்டர் ஆகியவை சாதாரணமாகக் காண்பவை. 50 மில்லிமீட்டரும் 2 அங்குலமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றுக்கு மற்றொன்றைப் போடக் கூடாது. 2 அங்குலக் கப்ளரைச் சிறிய பந்தில் வைத்தால் பூட்டியது போலத்தான் இருக்கும். ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது கழன்றுகொள்ளும். பந்து, அதன் தண்டு, பால் மவுண்ட் (பந்தைத் தாங்கி ரிசீவரில் செருகும் இரும்புத் துண்டு), ரிசீவர் எல்லாவற்றிலும் தனித்தனியாக எடை எல்லை போட்டிருக்கும். அவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

உயரத்தையும் பாருங்கள். டிரெய்லரைச் சமதளத்தில் மட்டமாக நிறுத்தி, தரையிலிருந்து கப்ளரின் குழி வரை அளந்துகொள்ளுங்கள். சுமை ஏறிய வண்டியில் பந்தின் உச்சி அந்த உயரத்துக்கு வரும்படி, கீழிறங்கிய அல்லது மேலேறிய பால் மவுண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும் டிரெய்லர் ஆட்டம் போடும். இரட்டை ஆக்ஸில் டிரெய்லராக இருந்தால் ஒரு ஆக்ஸிலே மொத்தச் சுமையையும் சுமக்க நேரும்.

பிரேக்: இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்

இன்றைய எஞ்சின்கள் இழுத்துவிடும். கேள்வியெல்லாம் நிறுத்துவதைப் பற்றித்தான். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100க்குப் போனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 56 சதவீதம் கூடிவிடுகிறது. வண்டியின் பிரேக்குகள் அந்த வண்டியின் எடைக்கு என்று செய்தவை. பின்னால் இன்னொரு டன் தள்ளிக்கொண்டு வருவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

ஐரோப்பா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோ. சட்டம் இப்படி இருந்தாலும் வண்டிக் கையேட்டில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு என்று தனி எண் கொடுத்திருப்பார்கள். சில மாடல்களில் அது 450 கிலோதான். இரண்டில் எது குறைவோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், சுமையோடு 700 கிலோ தாண்டும் எந்த டிரெய்லருக்கும் பிரேக் வேண்டும்.

டிரெய்லர் பிரேக்கில் இரண்டு வகையைப் பரவலாகப் பார்க்கலாம். ஒன்று உந்து பிரேக். வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளுதலே கப்ளரில் உள்ள அமைப்பை அழுத்திச் சக்கரங்களில் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். வண்டிக்குள் எந்தக் கருவியும் தேவையில்லை. படகு டிரெய்லர்களில் இது அதிகம். ஐரோப்பிய கேரவன்களில் அநேகமாக இதுதான். மற்றது மின் பிரேக். டிரெய்லர் டிரம்முக்குள் இருக்கும் மின்காந்தம் இயங்கிப் பிரேக்கைப் பிடிக்கும். இதற்கு வண்டிக்குள் ஒரு பிரேக் கன்ட்ரோலர் பொருத்தியாக வேண்டும்.

கன்ட்ரோலரிலும் இரண்டு தினுசு. மலிவானது, பிரேக் மிதியைத் தொட்டதும் முன்பே வைத்த நேரத்துக்குள் முன்பே வைத்த அளவுக்கு மின்சாரத்தை ஏற்றும். மெதுவாக நிறுத்தினாலும் சடாரென்று நிறுத்தினாலும் அதற்கு ஒன்றுதான். விகிதாசாரக் கன்ட்ரோலர் வண்டி எவ்வளவு வேகமாக வேகம் குறைகிறது என்பதை உணர்ந்து அதற்கேற்ப டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்கும். வாங்குவதென்றால் விகிதாசாரத்தை வாங்குங்கள். முதல் அவசர நிறுத்தத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

பொருத்தியதும் அதைச் சரிசெய்ய வேண்டும். டிரெய்லரில் வழக்கமான சுமையை ஏற்றிக்கொண்டு, ஆளில்லாத சமமான சாலைக்கோ பெரிய மைதானத்துக்கோ போங்கள். முதலில் சில முறை மெல்லப் பிரேக் பிடித்து டிரம்களைச் சூடாக்குங்கள். பிறகு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வண்டிப் பிரேக்கைத் தொடாமல், கன்ட்ரோலரில் இருக்கும் கைப்பிடியை மட்டும் முழுதாக இழுங்கள். டிரெய்லர் சக்கரங்கள் சுழற்சி நின்று தேய்த்துக்கொண்டு வந்தால் அளவு அதிகம். வண்டி சோம்பலாகத்தான் வேகம் குறைகிறது என்றால் குறைவு. சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். சுமை மாறும்போதெல்லாம் இதை மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். காலி டிரெய்லருக்கு வைத்த அளவு நிறைந்த டிரெய்லருக்குப் போதாது.

பிரேக்அவே ஸ்விட்ச் என்றொரு சிறிய பெட்டி டிரெய்லரின் முனையில் இருக்கும். டிரெய்லர் வண்டியை விட்டுக் கழன்றுபோனால் ஒரு கம்பி இழுபட்டு, டிரெய்லரில் உள்ள சிறு பேட்டரியிலிருந்தே பிரேக் பிடித்துக்கொள்ளும். அந்தக் கம்பியை வண்டியின் உறுதியான பகுதியில் தனியாக மாட்டுங்கள். பால் மவுண்டில் மாட்டினால், மவுண்டே கழன்று போகும்போது கம்பியும் அதோடு போய்விடும். ஸ்விட்ச் இருந்தும் பயனில்லை. பேட்டரி மாதக்கணக்கில் கிடந்து செத்துப்போயிருக்கும். கிளம்புவதற்கு முன் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள்.

வயரிங்

பிரேக் இல்லாத சிறு டிரெய்லருக்கு வட அமெரிக்காவில் நான்கு பின் (pin) பிளக் போதும்: பின்விளக்கு, இடது இண்டிகேட்டரும் பிரேக் விளக்கும், வலது இண்டிகேட்டரும் பிரேக் விளக்கும், எர்த். மின் பிரேக் இருந்தால் ஏழு பின் வேண்டும். அதில் பிரேக் லைன், 12 வோல்ட் சப்ளை, ரிவர்ஸ் விளக்கு ஆகியவை கூடும். ஐரோப்பாவில் ஏழு பின்னும் பதின்மூன்று பின்னும் வழக்கம். இரண்டு இடத்து ஏழு பின்னும் வடிவிலேயே வேறு.

பழைய வண்டிகளில் பின்விளக்கு வயரை வெட்டி ஒட்டுப்போட்டு டிரெய்லருக்கு எடுப்பார்கள். இப்போதைய வண்டியில் அதைச் செய்யவே கூடாது. விளக்குகளைக் கணினி கண்காணிக்கிறது. கூடுதல் பளு வந்தால் பல்பு போய்விட்டது என்று எச்சரிக்கும், அல்லது அந்த லைனையே நிறுத்திவிடும். மாட்யூல் எரிந்துபோவதும் உண்டு. பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ் வழியே மின்சாரம் எடுத்து, வண்டி விளக்கிலிருந்து சிக்னலை மட்டும் வாங்கிக்கொள்ளும் கன்வெர்ட்டர் மாட்யூலைப் போடுங்கள். உங்கள் மாடலுக்கென்று செய்த பிளக் டைப் ஹார்னஸ் கிடைத்தால் எந்த வயரையும் வெட்ட வேண்டியதில்லை.

டிரெய்லர் விளக்கு மங்கலாக எரிந்தாலும், இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் மினுங்கினாலும், முதலில் எர்த்தைப் பாருங்கள். துருப்பிடித்த சாஸியில் முறுக்கிய எர்த் ஸ்க்ரூதான் அநேகமாகக் குற்றவாளி. சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினால் சரியாகிவிடும்.

சூடு

இழுவையில் கியர்பாக்ஸ்தான் அதிகம் அவதிப்படும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் வழக்கமாக 80, 90 டிகிரி செல்சியஸில் இருக்கும். ஏற்றத்தில் சுமை இழுக்கும்போது 120ஐத் தாண்டி நீடித்தால் ஆயில் வேகமாகக் கெடும். கம்பெனி கூலர் இல்லாத வண்டியில், உற்பத்தியாளர் அனுமதித்தால் தனி ஆயில் கூலர் போடுவது நல்ல முதலீடு. சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாமல் விகிதம் தொடர்ச்சியாக மாறும் வகை) கியர்பாக்ஸ் உள்ள வண்டியில் கையேட்டு எல்லையை ஒட்டி இழுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டோ மோட் பொத்தான் இருந்தால் போடுங்கள். கியர் மேலும் கீழும் ஓயாமல் மாறுவதை அது குறைக்கும். இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கும் கிடைக்கும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி இழக்கும் என்பதால், மலைப்பயணம் என்றால் டிரெய்லர் எடையைக் குறைத்தே கணக்கிடுங்கள். மின்சார எஸ்யுவியில் பெட்டி போன்ற உயரமான டிரெய்லரை இழுத்தால் ஓடும் தூரம் பாதியளவுக்கு இறங்கக்கூடும். சார்ஜிங் நிறுத்தங்களில் டிரெய்லரைக் கழற்ற வேண்டி வருமா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இழுவை அதிகமென்றால் சர்வீஸ் அட்டவணையும் மாறும். கையேட்டில் கடும் பயன்பாடு என்ற தலைப்பில் கொடுத்திருக்கும் குறைந்த இடைவெளியைப் பின்பற்றுங்கள். புது வண்டியில் முதல் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வரை இழுக்காமல் இருப்பது நல்லது. உங்கள் மாடலுக்குச் சரியான எண் கையேட்டில் இருக்கும்.

பின்பக்கம் தாழ்ந்தால்

டிரெய்லரைப் பூட்டியதும் வண்டியின் பின்பக்கம் இறங்கி, முன்பக்கம் நிமிர்ந்துவிடும். பார்வைக்கு அசிங்கம் என்பதோடு முடிவதில்லை. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே 2.8 மீட்டர், பின் ஆக்ஸிலிலிருந்து பந்து 1.2 மீட்டர் பின்னால் என்று வையுங்கள். பந்தின் மேல் 200 கிலோ உட்கார்ந்தால் பின் ஆக்ஸிலில் கூடுவது 200 அல்ல, சுமார் 286 கிலோ. அந்தக் கூடுதல் 86 கிலோ முன் ஆக்ஸிலிலிருந்து பிடுங்கப்பட்டது. முன் சக்கரம்தான் திருப்புகிறது. பிரேக்கில் பெரும்பங்கும் அதனுடையதே. அது லேசானால் ஸ்டியரிங் மிதப்பது போலிருக்கும். இரவில் எதிரே வருபவர் கண்ணில் உங்கள் ஹெட்லைட் அடிக்கும்.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் இதற்கென்றே இருக்கிறது. டிரெய்லரின் நீளச் சட்டத்தோடு இரண்டு வளைகம்பிகளை இழுத்துக் கட்டி, பின் ஆக்ஸிலில் குவிந்த எடையில் ஒரு பங்கை முன் ஆக்ஸிலுக்கும் டிரெய்லர் ஆக்ஸிலுக்கும் திருப்பி அனுப்பும். பெரும்பாலான வகைகளில் ஆட்டத்தைத் தடுக்கும் உராய்வு அமைப்பும் சேர்ந்திருக்கும். ஆனால் சில எஸ்யுவி உற்பத்தியாளர்கள் இதை வேண்டாம் என்கிறார்கள். வேறு சிலர் குறிப்பிட்ட எடைக்கு மேல் கட்டாயம் என்கிறார்கள். கையேடு சொல்வதுதான் முடிவு. ஸ்பிரிங்குக்குள் வைக்கும் காற்றுப்பைகள் பின்பக்கத்தை உயர்த்தும், முன் ஆக்ஸில் இழந்த எடையைத் திருப்பித் தராது. உயரம் சரியாகிவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வைப்பதுதான் அவற்றின் ஆபத்து.

டயரில் இரண்டு விஷயம். வண்டியின் பின் டயர்களுக்கு முழுச் சுமைக்கான காற்றழுத்தத்தை ஸ்டிக்கரில் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். டிரெய்லர் டயரில் வயதுதான் வில்லன். ஓடாமல் வெயிலில் நின்றே ரப்பர் வெடிப்பு விட்டிருக்கும். தேயாத பட்டை நம்மை ஏமாற்றும். எஸ்டி என்று குறித்த டிரெய்லர் டயர்கள் பலவற்றுக்கு, வேறு குறிப்பு இல்லாவிட்டால் வேக எல்லை மணிக்கு 105 கிலோமீட்டர்தான்.

டிரெய்லர் வண்டியைவிட அகலமாக இருந்தால் நீட்டிப்புக் கண்ணாடி வாங்குங்கள். பல நாடுகளில் அது சட்டப்படியும் தேவை.

சுமை ஏற்றுவது

பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் டிரெய்லர் ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்கட்டும். கனமானவை ஆக்ஸிலை ஒட்டித் தரைமட்டத்தில், லேசானவை மேலே. பின்பாரமாக ஏற்றினால் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் டிரெய்லர் தானாகவே வாலாட்டத் தொடங்கும். முன்பாரத்தைக் குறைத்து பேலோடை மிச்சப்படுத்தலாம் என்று சாமானைப் பின்னால் நகர்த்துபவர்கள் உண்டு. அதைவிட ஆபத்தான யோசனை இந்த வேலையில் இல்லை. பேலோட் போதவில்லை என்றால் டிரெய்லரின் எடையைக் குறையுங்கள், அல்லது வண்டிக்குள் இருப்பதை இறக்கி டிரெய்லர் ஆக்ஸில் மேல் வையுங்கள்.

முன்பாரத்தை வீட்டு எடைக் கருவியிலேயே அளந்துவிடலாம். கருவியின் எல்லை போதாது என்றால் ஒரு கனமான பலகையை எடுங்கள். ஒரு முனைக்குக் கீழே செங்கல், மறு முனைக்குக் கீழே எடைக் கருவி. செங்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டரில் டிரெய்லர் முனை அமரும்படியும், 90 சென்டிமீட்டரில் எடைக் கருவி இருக்கும்படியும் வைத்தால், கருவி காட்டுவதை மூன்றால் பெருக்கினால் போதும். பலகையால் மட்டும் கருவி காட்டும் எடையை முதலிலேயே கழித்துவிடுங்கள்.

பிறகு ஒரு எடை மேடைக்குப் போங்கள். எல்லாரும் ஏறி உட்கார்ந்து, டேங்கை நிரப்பி, சாமான்களோடு டிரெய்லரையும் பூட்டி ஒருமுறை நிறுத்துங்கள். ஆக்ஸில் வாரியாக எடை எடுத்துக்கொள்ளுங்கள். பின் அதே சுமையோடு வண்டியை மட்டும் நிறுத்துங்கள். ஸ்டிக்கரில் உள்ள எண்களோடு இவற்றை ஒப்பிட்டால் சந்தேகத்துக்கு இடமே இருக்காது. டிரெய்லர் விற்றவர் சொன்ன எடையை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் பேட்டரி, கேஸ் சிலிண்டர், தண்ணீர் எதுவும் இல்லாத எடை. 100 லிட்டர் தண்ணீர் என்றாலே 100 கிலோ.

பூட்டும் வரிசை

1. டிரெய்லர் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். டிரெய்லர் ஜாக்கை உயர்த்தி, கப்ளர் பந்துக்கு மேலே இருக்கும்படி செய்யுங்கள்.

2. பின்கேமராவைப் பார்த்து வண்டியை மெல்லப் பின்னுக்கு எடுத்து, பந்து கப்ளருக்கு நேர் கீழே வந்ததும் ஹேண்ட் பிரேக் போடுங்கள். பந்தில் கிரீஸ் இருக்கட்டும்; உராய்வு வகை ஆட்டத் தடுப்பான் பந்தையே பிடிப்பதாக இருந்தால் கிரீஸ் கூடாது.

3. கப்ளரை இறக்கிப் பூட்டி, பின்னைச் செருகுங்கள். இப்போது ஜாக்கை மறுபடி உயர்த்துங்கள். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து மேலே எழும்பினால்தான் பூட்டு பிடித்திருக்கிறது. பிடிக்காவிட்டாலும் பார்த்தால் பூட்டியது போலத்தான் இருக்கும். இந்த ஒரு சோதனையை எப்போதும் விடாதீர்கள்.

4. சேஃப்டி செயின்களை டிரெய்லர் முனைக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றால் முனை ரோட்டில் குத்தாமல் அந்தக் குறுக்கில் விழும். திருப்பத்தில் இழுபடாத அளவுக்குத் தளர்வும் வேண்டும், தரையில் உரசவும் கூடாது.

5. பிரேக்அவே கம்பி, மின் பிளக். ஒருவரைப் பின்னால் நிறுத்தி எல்லா விளக்குகளையும் போட்டுப் பாருங்கள்.

6. ஜாக்கை முழுதாக மேலேற்றி மடக்குங்கள், கட்டைகளை எடுங்கள். 10 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டுச் சாலைக்குப் போங்கள்.

ஓட்டும்போது

முதல் நாள் காலி மைதானத்தில் ரிவர்ஸ் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்துங்கள். சிறிது சிறிதாக. டிரெய்லர் மடங்கத் தொடங்கினால் பிடிவாதம் பிடிக்காமல் முன்னே போய் நேராக்கிக்கொள்ளுங்கள். நீளமான டிரெய்லரைவிடக் குட்டையானதை ரிவர்ஸ் எடுப்பதுதான் கடினம் என்பதும் அப்போது தெரியவரும்.

சாலையில் முன்வண்டியிலிருந்து விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். திருப்பத்தில் டிரெய்லர் சக்கரம் உங்கள் பின்சக்கரத்தைவிட உள்ளே வெட்டிப் போகும், அகலமாக எடுங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் டிரம் சூடாகிப் பிடி இழந்துவிடும்.

பெரிய லாரி கடந்து போகும்போதோ பக்கக் காற்றிலோ டிரெய்லர் ஆடத் தொடங்கினால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள்; ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பாதீர்கள். வண்டிப் பிரேக்கை மிதிக்கக் கூடாது, வேகத்தைக் கூட்டி நேராக்கவும் முயலக் கூடாது. மின் பிரேக் இருந்தால் கன்ட்ரோலர் கைப்பிடியை லேசாக இழுத்தால் டிரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகும். அடங்கியதும் ஓரமாக நிறுத்தி, சுமை நகர்ந்ததா, டயரில் காற்று இறங்கியதா என்று பாருங்கள். அதே வேகத்தில் மறுபடி ஆடினால் சாமானை முன்னே நகர்த்தாமல் பயணத்தைத் தொடர வேண்டாம்.

கிளம்பி 20, 30 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்துங்கள். கப்ளர், செயின், பிளக், கட்டுக் கயிறு எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். டிரெய்லர் ஹப்பின் அருகில் கையைக் கொண்டுபோங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சூடாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கில் கிரீஸ் இல்லை, அல்லது பிரேக் ஒட்டிப் பிடித்திருக்கிறது. சக்கரத்தைப் புதிதாகக் கழற்றிப் பூட்டியிருந்தால் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்குங்கள்.

ஊர் திரும்பிக் கழற்றும்போது மறக்கக் கூடாத வரிசை ஒன்று உண்டு: முதலில் சக்கரக் கட்டை, அதன் பிறகே கப்ளர். சற்றே சரிவான இடத்தில் கட்டை வைக்காமல் கப்ளரைத் தூக்கினால் டிரெய்லர் தன்போக்கில் கிளம்பிவிடும். கழற்றி முடித்ததும் பால் மவுண்டையும் ரிசீவரிலிருந்து உருவி உள்ளே வையுங்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் நடந்து போகிறவர் முழங்காலில் இடிக்கும், ரிவர்ஸ் சென்சார் காரணமில்லாமல் கத்திக்கொண்டே இருக்கும், நம்பர் பிளேட்டை மறைத்தால் சில இடங்களில் அபராதமும் உண்டு.